கெட்ட சேதிக்கு இன்னொரு வாய்

அவருடைய குரலில் மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். அது நல்ல குரல். மற்ற எல்லாவற்றிலும் குறை சொல்வேன், கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். நான் தொடங்கினால் அம்மா தடுப்பார், அந்த மனுசனும் பாவம் விடு என்பார். எனக்கு இன்றுவரை அவர் பாவமாகத் தெரியவில்லை.

நாடு முழுக்கக் கிளை வைத்து, கட்டில் கதிரை அலுமாரி விற்ற ஒரு தளபாடக் கம்பனியின் மன்னார்க் கடைக்கு அவர் முகாமையாளர். நான் அங்கே ஐந்து வருடம் விற்பனைக்கு நின்றேன். காலையில் தலைமன்னாரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினால் பின்னேரம் வரைக்கும் நிற்பதுதான். சுற்றிவர எண்பது கதிரை இருக்கும், ஒன்றிலும் உட்காரக்கூடாது. அப்பா கடலுக்குப் போவதை விட்ட பிறகு எங்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்தது என் சம்பளம் ஒன்றுதான். அதனால் நின்றேன். அவரைத் தவிர நாங்கள் எட்டுப் பேர் அங்கே வேலை. எல்லோரும் அவரை 'சேர்' என்போம். பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை.

மன்னார் வெயிலிலும் நீளக்கைச் சட்டைதான் போடுவார். கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருக்கும். கடை வாசல் நிழலில் கழுதைகள் வந்து ஒதுங்கினால் அவற்றைக்கூட அவர் துரத்தமாட்டார். உள்ளே வந்து, 'பிள்ளை, அதுகளை ஒருக்கால் பாருங்கோ' என்பார். ஒரு கழுதையிடம் கெட்ட பெயர் எடுக்கவும் அந்த மனிதருக்கு மனம் வராது.

அவருடைய ஊர் மன்னார்த் தீவில்தான், நகரத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில். அங்கே கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வாசகம் வாசிப்பவர் அவர். பூசை முடியும்போது அறிவித்தல்களையும் அவர்தான் வாசிப்பார். கலியாணம் என்றால் மாப்பிள்ளை, பெண் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்க வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும் என்பது முறை. அவர் அந்தப் பெயர்களை வாசித்தால், ஆட்சேபம் சொல்ல வந்தவனும் மனம் மாறிப் போய்விடுவான். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரலை வைத்துத்தான் அவர் வியாபாரம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பெயரை வாசிப்பார். திங்கட்கிழமை காலை, படங்கள் உள்ள புத்தகத்தோடு பெண் வீட்டு வாசலில் நிற்பார். எங்கள் பக்கத்தில் கட்டிலும் அலுமாரியும் கண்ணாடி மேசையும் பெண் வீட்டாருடைய பாடு. தன் மகளுடைய பெயரை நேற்று அந்தக் குரலில் கேட்ட தாய்க்கு இன்றைக்கு அவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வருமா? மற்றக் கோயில்களின் அறிவித்தல்களையும் எங்களை விட்டுக் கேட்டு எழுதுவிப்பார். நான் தலைமன்னார்க் கோயிலில் பூசைக்கு நிற்கும்போது கையில் ஜெபமாலை இருக்கும், ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு துண்டுக் கடதாசியும் பென்சிலும் இருக்கும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கம்தான்.

சாமான் வந்துவிட்டதா, அதை அவர்தான் போன் எடுத்துச் சொல்வார். லொறியில் முன்னுக்கு ஏறி அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். தவணைக்கு வாங்குகிறவர்களுக்குக் கடன் சரிவந்துவிட்டதா, அதையும் அவரே சொல்வார். சாமான் வரவில்லை, நிறம் மாறி வந்துவிட்டது, கடன் தரமாட்டார்களாம் என்றால் மட்டும் எங்களில் ஒருத்தியைக் கூப்பிடுவார். கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வசனம் சொல்வார்.

"பிள்ளை, நீங்கள் பக்குவமாச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டுப் பின் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவுவார். நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு முடியும் வரைக்கும் உள்ளே தண்ணீர் ஓடும்.

எங்கள் ஊரிலேயே ஒரு கலியாணம். புதன்கிழமை கலியாணம், திங்கட்கிழமை வரைக்கும் கட்டில் கொழும்பிலிருந்து வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் செவ்வாய்க்கிழமை வந்து அறையைப் பார்ப்பார்கள். வெறும் அறையைக் காட்டுவது பெண் வீட்டாருக்கு எவ்வளவு கேவலம் என்று எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. உங்கட ஊர்தானே பிள்ளை என்று என்னை அனுப்பினார். பெண்ணின் தாய் எனக்குச் சித்தி முறை. சித்தி முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி பேசினார். அவருடைய மகள் அழுத அழுகை இன்னும் எனக்குக் காதில் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தபோது அடுத்த வீட்டுக் கட்டிலை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள், அது எல்லோருக்கும் தெரிந்தும் போனது.

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் கட்டில் வந்தது. அவர் லொறியில் முன்னுக்கு ஏறிப் போனார். தலைமன்னாரில் இறங்கி, தானே கொழும்போடு சண்டை பிடித்து எடுப்பித்த மாதிரிக் கதை சொல்லி, கேக்கும் வைனும் சாப்பிட்டு, தம்பதிகளை ஆசீர்வதித்துவிட்டு வந்தார். சித்தி இன்றைக்கும் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்புவார். சேரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுசன் என்பார்.

இது சின்ன விஷயம். சித்திராவுக்குச் செய்தது சின்ன விஷயம் இல்லை.

சித்திரா என்னோடு வேலை செய்தவள், பெருநிலப்பரப்பில் முருங்கன் பக்கத்து வயல் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். ஒரு நாள் பகல் கடைத் தொலைபேசி அடித்தது. அவர்தான் எடுத்தார். சித்திராவின் தகப்பன் வயலில் விழுந்து இறந்துபோனார் என்ற சேதி. சித்திரா எதிரே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனை வைத்துவிட்டு, அப்பாவுக்குத் தலைச்சுற்று வந்ததாம், இப்போது பரவாயில்லையாம், எழும்பி இருக்கிறாராம் என்று அந்தக் குரலில் சொன்னார். எழும்பி இருக்கிறாராம் என்று சொன்னதை என்னால் மறக்க முடியாது. அவள் நெஞ்சில் கையை வைத்து, கடவுளே என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் என்னைப் பின் அறைக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். பக்குவமாக அவளுக்குச் சொல்லும்படி கேட்டார்.

சிரித்துக்கொண்டிருந்தவளிடம் நான் போய்ச் சொன்னேன். அவள் முதலில் என்னை அடித்தாள். பொய் சொல்கிறாய், சேர் இப்போதுதானே சொன்னவர் என்று கத்திக் கத்தி அடித்தாள். லொறி ஓட்டும் நேசன் அண்ணைதான் அவளைப் பிடித்து, லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனார். உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். சண்டைக் காலத்தில், வாலிபனாக இருக்கும்போது, ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளுடைய சாவுச் சேதியை அவரைக் கொண்டுபோக விட்டார்களாம். அந்தத் தாய் அவரைக் கட்டிப் பிடித்தபடியே விழுந்துவிட்டாராம். அதற்குப் பிறகுதான் இப்படி என்று நேசன் அண்ணை ஒரு நாள் சொன்னார். உண்மையாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படிச் சேதி கொண்டுபோகாத ஆட்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோரும் அடுத்தவர் வாயை இரவல் வாங்கிக்கொண்டா திரிகிறார்கள்?

கம்பனி விழுந்த வருடம் தபசு காலத்தில் லொறிகள் வரவில்லை. தபசு காலத்தில் கலியாணம் வைக்கமாட்டார்கள். கலியாணம் இல்லையென்றால் எங்களிடம் கட்டில் வாங்க ஆள் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாற்பது நாளும் கடை ஈயாடும். உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு கலியாணங்கள் வரிசையாக வரும், லொறிகளும் வரும். அதனால் கடை வெறுமையானபோது எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறு ஊர்க் கிளைகளில் வேலை செய்தவர்கள் அப்போதே வேறு வேலை தேடத் தொடங்கிவிட்டார்களாம். நாங்கள் மட்டும், தபசு காலம்தானே என்று, இருந்த சாமான்களை அகல அகலத் தள்ளிவைத்துத் தூசு தட்டிக்கொண்டு நின்றோம். மன்னாரில் இருக்கிறவர்களுக்குத்தான் இப்படி ஏமாறத் தெரியும்.

அந்த நாட்களில் அவரைக் கொழும்புக்குக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். போய்விட்டுத் தொதல் இனிப்புப் பெட்டியோடு வந்தார். எல்லோருக்கும் தன் கையால் வெட்டிக் கொடுத்தார். உயிர்த்த ஞாயிறுப் பெருநாளுக்குப் பிறகு புது மொடல்கள் வருமாம் என்றார்.

அந்தக் கிழமைதான் எனக்கு வேறொரு வேலை வந்தது. வங்காலைப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஐஸ் கம்பனி ஒன்றின் கந்தோரில் எழுத்து வேலைக்கு ஆள் தேடினார்கள். ஆங்கிலம் வாசிக்க எழுதத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். சம்பளம் கொஞ்சம் கூட. கதிரையில் இருந்து செய்யும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள். நான் புதன்கிழமை அவரிடம் போனேன். ஐந்து வருடம் வேலை தந்த இடம், சொல்லாமல் விட்டுப் போவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். மரியாதை பார்த்தது என் பிழை.

"ஏன் பிள்ளை அவசரப்படுறீங்கள்?" என்றார். "அது புதுக் கம்பனி, நாளைக்கு இருக்குமோ தெரியாது. இது அப்பிடியே? பெருநாளுக்குப் பிறகு உங்களை மேற்பார்வைக்குப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறன். இருங்கோ."

இருந்தேன். ஐஸ் கம்பனிக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொன்னேன். அன்று பின்னேரம் அம்மாவுக்கு மேற்பார்வை வேலையைப் பற்றிச் சொன்னபோது அவர் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

அந்தக் கிழமை முடிய, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு வந்தது. அந்தப் பூசையில் வருடாவருடம் ஆண்டவருடைய பாடுகளை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து வாசிப்பார்கள். அவருக்கு ஒரு வருடம் யேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவிய பிலாத்துவின் வசனங்களைக் கொடுத்தபோது, தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி வேறு ஒருவரிடம் தள்ளிவிட்டாராம். அதற்குப் பிறகு அவருக்குக் கதை சொல்லும் பகுதிதான். அந்த வருடமும் அதைத்தான் வாசித்தார். கோயிலே அழுதது என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை அவர் கடைக்கு வரவில்லை. ஒன்பது மணிக்கு எனக்குப் போன் எடுத்தார். காய்ச்சலாம். மேசை லாச்சிக்குள் தலைமைக் கந்தோர்க் கடிதம் ஒன்று இருக்கிறதாம், எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டட்டாம். கொழும்பிலிருந்து வரும் கடிதங்களை ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்வது வழமையாக என் வேலைதான். லீவு, சீருடை, விலைக்கழிவு என்று எத்தனையோ வாசித்திருக்கிறேன். அதனால் நான் முதலில் தனியாகப் பார்க்கவில்லை. மற்ற ஏழு பேரும் வட்டமாக நிற்க, உறையைக் கிழித்து, கடிதத்தைப் பிரித்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினேன்.

கம்பனி கடன்களைத் தீர்க்க முடியாத நிலையில் நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போகிறது என்று இருந்தது. அதைத் தமிழில் சொல்லும்போதே எனக்கு விளங்கியது, ஆனால் வாய் நிற்கவில்லை. பின்வரும் கிளைகள் மூடப்படுகின்றன என்று சொன்னேன். மன்னார் என்று சொன்னேன். பின்வரும் ஊழியர்களுடைய வேலை முடிவுக்கு வருகிறது என்று சொன்னேன். முதலாவதாகச் சேருடைய பெயர் இருந்தது. பிறகு சித்திரா. பிறகு நேசன் அண்ணை. அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஒவ்வொரு பெயரையும் வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி அந்த ஆளைப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியாது. ஆறாவதாக என் பெயரை நானே வாசித்தேன்.

கடைசியில் எல்லோரும் கடிதம் எழுதிய திகதியைக் கேட்டார்கள். பார்த்தேன். நான் ஐஸ் கம்பனி வேலையைப் பற்றி அவரிடம் கேட்கப் போன அந்தப் புதன்கிழமைக்கு இரண்டு நாள் முந்திய திகதி, கொழும்பில் அந்தக் கூட்டம் நடந்த திங்கட்கிழமை. அவர் கொழும்பிலிருந்து தொதல் பெட்டியோடு வந்தபோது இந்தக் கடிதமும் அவர் பைக்குள் இருந்திருக்கிறது. இது லாச்சிக்குள் இருக்க, அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் நான் போகட்டுமா என்று கேட்டேன்.

நேசன் அண்ணை என்னைப் பார்த்து, "உனக்கு முந்தியே தெரியும் என்ன?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நான்தானே எப்போதும் சேருடைய வாய். சித்திராவும் நம்பவில்லை என்பது அவள் கைப்பையை எடுத்த விதத்திலேயே தெரிந்தது.

அந்தக் கிழமையே, பெரிய வியாழன் அன்று, நான் சேருடைய வீட்டுக்குப் போனேன். வேறு வேலை தேட எங்கள் எல்லோருக்கும் சேவைக் கடிதம் வேண்டும். அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும், கடை முத்திரையும் அவரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் என்னோடு கதைக்காவிட்டாலும் போகச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள்.

காய்ச்சல் ஒன்றும் இல்லை. சலவைச் சட்டையோடு முன் விறாந்தையில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கேட்ட உடனே எட்டுக் கடிதங்களும் எழுதினார், அதிலே அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மிகவும் நேர்மையானவர், கடும் உழைப்பாளி, எந்த நிறுவனத்துக்கும் ஒரு சொத்து என்று ஒவ்வொன்றையும் எழுதி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். என்னுடையதையும் அந்தக் குரலில் வாசித்து முடிக்கும்வரை பொறுத்தேன். அந்தப் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டேன். தெரிந்துகொண்டு ஏன் என்னை இருக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் முத்திரையைத் துடைத்தார்.

"உங்கட முகத்தைப் பாக்க எனக்குச் சொல்ல மனம் வரேல்லைப் பிள்ளை" என்றார்.

என் முகம் அவருக்குத் தெரியாத இடத்தில், ஏழு பேருக்கு நடுவில், அதை நானே வாசிக்கட்டும் என்று விட்டதற்கு மனம் வந்திருக்கிறது. நான் கடிதங்களை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அப்போது அவர் உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். மனைவிக்குக் கடை மூடியது தெரியாதாம். கடைக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள், அதனால் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறாராம். பெரிய கிழமையில் அவ கோயிலும் வீடுமாக இருப்பதால் வெளிக்கதை ஒன்றும் காதில் விழவில்லையாம்.

"நீங்கள் கடைப் பிள்ளை. நீங்கள் சொன்னா அவவுக்கு விளங்கும்" என்றார்.

முடியாது என்றேன். அந்த மனிதரிடம் வாழ்க்கையில் முதல் முறையாக முடியாது என்று சொன்னேன். சத்தமாகவும் சொன்னேன்.

சத்தம் கேட்டு மனைவி தேத்தண்ணீரோடு வெளியே வந்தார். களையான முகம், என் அம்மாவை விட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். என்னை இருக்கச் சொன்னார். கடைக்குப் பெயின்ற் அடித்து முடிந்ததா என்று விசாரித்தார். சேரே சொல்லட்டும் என்று நான் கோப்பையைக் கையில் எடுத்தேன். அவர் தேத்தண்ணீரை ஊதிக்கொண்டிருந்தார். மனைவி தன்பாட்டில் கதைத்தார். பத்து வருடமாகக் கன்னியர் மடத்து முன்பள்ளியில் படிப்பித்தாராம். தனக்குச் சம்பளம் கூடப் போகிறது, இனி நீ வேலைக்குப் போய்க் கஷ்டப்படத் தேவையில்லை என்று இவர் சொன்னதால் போன கிழமைதான் விலகல் கடிதம் கொடுத்தாராம். சிஸ்டருக்குச் சரியான கவலையாம். பெருநாள் முடிந்த கையோடு அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுக்கப் போகிறாராம்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கடை மூடியாச்சு" என்றேன். "கம்பனியே முடிஞ்சுது. எங்கள் எல்லாருக்கும் வேலை போட்டுது, சேருக்கும்தான். நீங்கள் இப்பவே சிஸ்டரிட்டப் போங்கோ."

மனைவி கத்தவில்லை, அழவில்லை. கணவனைப் பார்த்து, உண்மையா என்று ஒரு சொல் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்து படியிறங்கினார். எங்கள் இருவரையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் பின்னால் இறங்கினேன். படலையைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அவ கோவமாப் போறாவோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

நான் திரும்பவில்லை. றோட்டில் அவருடைய மனைவி வேகமாக நடந்துகொண்டிருந்தார், நான் எட்டிப் பிடித்தேன். கொஞ்சத் தூரம் சேர்ந்து நடந்தோம். பிறகு, உங்களுக்கு எப்போது சொன்னவர் என்று கேட்டார்.

"எனக்கும் சொல்லேல்லை அக்கா" என்றேன். "நானாத்தான் வாசிச்சனான்."

மடத்து வாசலில் அவர் குடையை மடக்கிவிட்டு என் கையை ஒருதரம் பிடித்தார். உள்ளே போனார். நான் பஸ்ஸுக்கு நின்றேன்.

சிஸ்டர் அந்த விலகல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவருடைய மனைவி இன்னும் அந்த முன்பள்ளியில்தான் படிப்பிக்கிறார், அந்த வீடு இப்போது அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. பெருநாள் முடிந்து நான் சேவைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்காலைக்குப் போனேன். ஐஸ் கம்பனிக் கந்தோரில், எனக்குத் தருவதாக இருந்த கதிரையில் வேறொரு பிள்ளை இருந்தாள். நல்ல பிள்ளை. கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, எந்த நிறுவனத்துக்கும் சொத்து என்று எழுதியிருக்கிறதே அக்கா, இரண்டு கிழமைக்கு முந்தி வந்திருக்கலாமே என்றாள்.